குடும்பமாகப் பார்க்க எட்டுத் திரைப்படங்கள்: பழையனவும் புதியனவும்

அன்பியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ஒரு தாய் கேட்டார்: "எங்க வீட்டுல நாலு பேரு, நாலு செல்போன். ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்து ஆளுக்கொரு படம் பார்க்கிறோம். எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பார்க்கிற மாதிரி, பார்த்த பிறகு கொஞ்ச நேரமாவது பேசுற மாதிரி, நாலு நல்ல படம் சொல்லுங்களேன்." அவருக்கு அன்று சொன்ன பதில் அரைகுறையானது. அதைச் சற்று விரிவாக இங்கே தருகிறோம். நாம் திரைப்பட ஆய்வாளர்கள் அல்லர். சிறுவயது முதல் படங்களை விரும்பிப் பார்த்து வருபவர்கள், அவ்வளவுதான்.

சினிமா என்றாலே பாவத்திற்குப் போகும் வழி என்று சொல்லி வளர்த்த பெரியவர்களை நம்மில் பலர் கண்டிருப்போம். அவர்களது அச்சத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் திருஅவையின் பார்வை அச்சத்தோடு நின்றுவிடவில்லை. லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் நகரில் கட்டணம் பெற்று மக்களுக்குப் படம் காட்டியது 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று. 1936இல் திருத்தந்தை 11ஆம் பயஸ், திரைப்படம் பற்றித் தனிச் சுற்றுமடல் ஒன்றையே வெளியிட்டார். அதில் தீய படங்களைக் கண்டித்ததோடு, நல்ல படங்கள் மனிதரை உயர்த்தக் கூடியவை என்றும் கற்பித்தார். 1957இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் வானொலி, தொலைக்காட்சியையும் சேர்த்து மற்றொரு சுற்றுமடல் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, இக்கருவிகளை வியப்புக்குரியவை என்றே போற்றித் தொடங்குகிறது.

திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி 1995இல் சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், வாழ்க்கை விழுமியங்கள், கலை என்ற மூன்று தலைப்புகளில் தலைப்புக்கு 15 படங்கள். புனிதர்களின் வரலாறுகள் மட்டுமே அதில் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' அதில் உண்டு. கடவுள் நம்பிக்கை அற்ற ஒருவர் எடுத்த படமும் உண்டு. கீழே நாம் சொல்லும் எட்டில் நான்கு அந்தப் பட்டியலில் உள்ளவை. மற்ற நான்கும் நமது சொந்தத் தேர்வு.

தேர்ந்தெடுக்க ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டோம். தாவீது அரசர் பாவம் செய்தபோது, இறைவாக்கினர் நாத்தான் அவரிடம் நேராகக் குற்றம் சாட்டவில்லை. ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொன்னார். கதையைக் கேட்ட தாவீது, அந்தச் செல்வன்மீது கடுஞ்சினம் கொண்டார். அந்தச் செல்வன் தாமே என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. நல்ல திரைப்படம் நமக்குச் செய்வதும் இதுவே. யாரோ ஒருவருடைய கதை என்று பார்க்க உட்காருகிறோம். எழுந்திருக்கும்போது அது நம் கதையாக இருக்கிறது.

1. பைசிக்கிள் தீவ்ஸ் (இத்தாலி, 1948)

விட்டோரியோ டி சிகா இயக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உரோமை நகரம். வேலையில்லாத் திண்டாட்டம். அந்தோனியோ என்பவருக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க, மனைவி மரியா வீட்டுப் படுக்கை விரிப்புகளை எல்லாம் கொண்டுபோய் அடகு வைக்கிறார். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருடு போகிறது. தந்தையும் சிறுவன் புரூனோவும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஊரெல்லாம் தேடி அலைகிறார்கள். கடைசியில், மனம் உடைந்த அந்தோனியோ, தானே ஒரு சைக்கிளைத் திருட முயன்று பிடிபடுகிறார். அதை மகன் பார்த்துவிடுகிறான். அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையைக் கண்டு சைக்கிளின் சொந்தக்காரர் புகார் கொடுக்காமல் விட்டுவிடுகிறார். கூட்டத்தில் தலைகுனிந்து நடக்கும் தந்தையின் கையைப் புரூனோ பற்றிக்கொள்கிறான். தந்தையாக நடித்தவர் தொழில்முறை நடிகர் அல்லர், ஓர் ஆலைத் தொழிலாளி.

இப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வரும். நம் சிறுவயதில் கோயில் திருவிழா நாளன்று ஒருவர் சைக்கிள் திருடிப் பிடிபட்டார். அவரை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். பீடச்சிறுவர்களாகிய நாங்கள் முன்வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தோம். ஏன் எடுத்தாய் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை நாங்கள் வெள்ளை அங்கி அணிந்து திருப்பலிக்கு உதவி செய்தோம். எந்த உறுத்தலும் இருக்கவில்லை. உறுத்தல் வந்தது பல ஆண்டுகள் கழித்து, இந்தப் படத்தைப் பார்த்த இரவில்தான். அந்த மனிதரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. திருட்டைச் சரி என்று இந்தப் படம் சொல்லவில்லை. திருடியவரும் ஒரு பிள்ளையின் தகப்பனாக இருக்கலாம் என்று மட்டும் சொல்கிறது.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாராளமாகப் பார்க்கலாம். வங்காள இயக்குநர் சத்யஜித் ரே 1950இல் இலண்டனில் இப்படத்தைப் பார்த்துத்தான் தாமும் இப்படி எடுக்க முடியும் என்ற துணிவைப் பெற்றார். அவரது 'பதேர் பாஞ்சாலி' 1955இல் வந்தது.

2. மத்தேயு நற்செய்தி (இத்தாலி, 1964)

பியர் பாவ்லோ பசோலினி பொதுவுடைமைச் சிந்தனை கொண்டவர், தம்மைக் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று சொல்லிக்கொண்டவர். 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அசிசி நகருக்கு வந்திருந்தபோது பசோலினியும் அங்கே தங்கியிருந்தார். அறையில் இருந்த நற்செய்தி நூலைக் கையில் எடுத்தவர் அதைப் படித்து முடித்தார். அதன் விளைவே இப்படம். இதை அவர் 23ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். தென் இத்தாலியின் ஏழை ஊர்களில், சாதாரண மக்களை நடிக்க வைத்து எடுத்தார். இயேசுவாக நடித்தவர் ஸ்பெயின் நாட்டு மாணவர் ஒருவர். சிலுவையடியில் நிற்கும் முதிய மரியாவாக நடித்தவர் பசோலினியின் சொந்தத் தாய். உரையாடல்கள் மத்தேயு நற்செய்தியிலிருந்தே எடுக்கப்பட்டவை.

அழகிய முகமும் பட்டாடையுமாக நாம் நாட்காட்டிகளில் பார்த்துப் பழகிய இயேசு அல்ல இவர். வேகமாக நடந்துகொண்டே, திரும்பித் திரும்பிச் சீடர்களிடம் பேசுகிற இளைஞர். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை இதைப் பாருங்கள். பலமுறை கேட்டுப் பழகிப்போன வசனங்கள் புதிதாகக் காதில் விழும். நம்பிக்கை இல்லாதவர் என்று நாம் ஒதுக்கும் ஒருவரிடமிருந்தும் நற்செய்தியைக் கேட்க வேண்டியிருக்கலாம் என்பதும் ஒரு பாடமே.

3. பாபெட்டின் விருந்து (டென்மார்க், 1987)

கேப்ரியேல் ஆக்செல் இயக்கிய இப்படம் அயல்மொழிப் படத்திற்கான ஆஸ்கர் விருது பெற்றது. டென்மார்க்கின் கடலோரச் சிற்றூரில் இரு முதிய சகோதரிகள். மறைந்த போதகரான தம் தந்தையின் சிறு சபையைப் பேணி வருகிறார்கள். 1871இல் பாரிஸ் கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து தப்பி வந்த பாபெட், அவர்கள் வீட்டில் சம்பளம் இல்லாமல் சமையல் வேலை செய்கிறார். பதினான்கு ஆண்டுகள் கழித்து அவருக்கு லாட்டரியில் 10,000 பிராங்கு விழுகிறது. ஊர் திரும்பிவிடுவார் என்று எல்லாரும் எண்ணுகிறார்கள். அவரோ போதகரின் நூறாவது பிறந்தநாளுக்குத் தாமே விருந்து சமைக்க அனுமதி கேட்கிறார்.

அந்தச் சபையினருக்குள் பழைய மனத்தாங்கல்கள் நிறைய. ஒருவரை ஒருவர் ஏமாற்றிய கணக்கு, யாரோ யாரையோ பேசிய பேச்சு. சுவையான உணவே பாவம் என்று அஞ்சி, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு பந்தியில் அமர்கிறார்கள். ஆனால் பரிமாறப் பரிமாற முகங்கள் மலர்கின்றன. பகைத்தவர்கள் சிரித்துக்கொள்கிறார்கள். விருந்து முடிந்து விண்மீன்களின் கீழ் கைகோத்துப் பாடுகிறார்கள். பாபெட் பந்தியில் அமரவே இல்லை. அடுக்களையில் நிற்கிறார். வந்த பணம் முழுவதையும் அந்த ஒரே இரவுக்குச் செலவிட்டிருக்கிறார் என்பது கடைசியில்தான் தெரிகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இப்படத்தை மிகவும் விரும்பினார். குடும்ப அன்பு பற்றி 2016இல் அவர் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலின் 129ஆம் எண்ணில் இதைக் குறிப்பிடுகிறார். படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: நம் வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுக்களையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது யார்?

4. ஓ ரெவ்வார் லே ஆன்ஃபான் (பிரான்ஸ், 1987)

'பிள்ளைகளே, போய் வருகிறேன்' என்பது தலைப்பின் பொருள். லூயி மால் தம் சிறுவயதில் கண்டதையே படமாக்கினார். பாரிசுக்கு அருகே ஆவோன் என்ற ஊரில் கார்மெல் சபைத் துறவிகள் நடத்திய உறைவிடப் பள்ளியில் அவர் படித்தார். தலைமையாசிரியர் அருள்தந்தை ஜாக் யூத மாணவர் மூவரை வேறு பெயரில் சேர்த்து ஒளித்து வைத்திருந்தார். 1944 ஜனவரியில் நாத்சிக் காவலர்கள் வந்து அவர்களைப் பிடித்துச் சென்றனர். மாணவர் மூவரும் ஔஷ்விட்ஸ் முகாமில் இறந்தனர். அருள்தந்தை ஜாக் மௌத்ஹவுசன் முகாமில் பட்ட துன்பங்களால் நலிந்து, விடுதலையான சில வாரங்களில், 1945 ஜூன் மாதம் இறந்தார்.

படத்தில் ஜூலியன் என்ற சிறுவன், யூதச் சிறுவனோடு முதலில் சண்டையிட்டு, பிறகு உயிர்த் தோழனாகிறான். காவல் அதிகாரி வகுப்பறையில் வந்து நின்று கேட்கும்போது, ஜூலியனின் கண்கள் தன்னையறியாமல் ஒரு நொடி தோழன் பக்கம் திரும்புகின்றன. அந்த ஒரு நொடிப் பார்வை போதுமானதாக இருக்கிறது. காட்டிக்கொடுத்தவன் வேறொருவன். திருட்டுக் குற்றத்திற்காக அவன் மட்டும் வேலையிலிருந்து நீக்கப்பட்டான், அவனோடு கூட்டாயிருந்த பணக்கார வீட்டு மாணவர்கள் தப்பிவிட்டார்கள். அநீதியாக அவமானப்பட்டவன் பெரும் தீமை ஒன்றுக்குக் கருவியாகிறான். நல்ல நிறுவனங்களிலும் நடக்கும் சிறு அநீதிகள் எங்கே போய் முடியும் என்று பங்கிலும் பள்ளியிலும் பொறுப்பில் இருக்கும் நாம் அனைவரும் சிந்திக்க வேண்டிய இடம் அது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு பெற்றோரும் அமர்ந்து பார்க்க வேண்டிய படம்.

5. வீடு (தமிழ், 1988)

மட்டக்களப்பு அருகே அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவின் படம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா, தங்கையையும் வயதான தாத்தாவையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டத் துணிகிறார். கடன், லஞ்சம், ஏமாற்றும் காண்டிராக்டர் என்று செங்கல் செங்கலாக அந்த வீடு எழும்புகிறது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் நம் மனத்தில் நிற்பவர் தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர். முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாகப் புறப்பட்டு வந்து, பூசப்படாத சுவரைத் தடவிப் பார்க்கும் அந்தக் கைகளை மறக்க முடியாது.

வீடு கட்டியவர்கள், கட்ட முடியாமல் பாதியில் நிற்பவர்கள், பிள்ளையின் படிப்புக்காகக் கட்டிய வீட்டை விற்றவர்கள் எல்லாரும் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய படம் இது. பொருள் இல்லாதவரின் கனவைக் கேலி செய்யாமல், மிகைப்படுத்தி அழவும் வைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் சொல்கிறது.

6. ஆஃப் காட்ஸ் அண்ட் மென் (பிரான்ஸ், 2010)

அல்ஜீரியாவின் திபிரின் மலையூரில் வாழ்ந்த டிராப்பிஸ்ட் துறவிகளின் உண்மை வரலாறு. சுற்றிலும் இஸ்லாமிய மக்கள். முதியவரான சகோதரர் லூக் மருத்துவர். அவரிடம் தினமும் ஊர் மக்கள் வரிசையில் நிற்பார்கள். நாட்டில் வன்முறை பெருகியபோது, போவதா இருப்பதா என்ற கேள்வி துறவிகளுக்கு எழுகிறது. எல்லாரும் வீரர்களாக இல்லை. ஒருவர் சாக விரும்பவில்லை என்கிறார். மற்றொருவர் இரவில் கடவுளைக் கூவி அழைத்து அழுகிறார். மாதக்கணக்கில் செபித்து, பேசி, கடைசியில் மக்களை விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்கிறார்கள். 1996 மார்ச் இறுதியில் எழுவர் கடத்தப்பட்டுப் பின்னர் கொல்லப்பட்டனர். 2018 டிசம்பர் 8 அன்று ஓரான் நகரில், அல்ஜீரியாவில் உயிர்நீத்த மற்றப் பன்னிருவரோடு அவர்களும் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர்.

சேவியர் பொவ்வா இயக்கிய இப்படம் 2010ஆம் ஆண்டு கான் விழாவில் இரண்டாவது பெரிய விருதைப் பெற்றது. அதில் துறவிகளின் கடைசி இராவுணவுக் காட்சியில் பேச்சே இல்லை. திராட்சை இரசமும் ஓர் இசையும் மட்டுமே. ஒவ்வொரு முகமாகக் காட்டப்படுகிறது. சிரிப்பும் கண்ணீரும் மாறி மாறி வருகின்றன. மறைசாட்சியம் என்றால் அச்சமே இல்லாமல் இருப்பது என்று எண்ணியிருந்தோம். அச்சத்தோடும் தங்கியிருப்பதுதான் அது என்று இந்தக் காட்சி கற்பிக்கிறது.

7. காக்கா முட்டை (தமிழ், 2015)

மணிகண்டன் இயக்கியது. சிறந்த குழந்தைகள் படத்திற்கான தேசிய விருது பெற்றது. சென்னைக் குடிசைப் பகுதியில் இரு சிறுவர்கள். அவர்கள் விளையாடிய இடத்தில் ஒரு பீட்சா கடை வருகிறது. அதை ஒருமுறை தின்று பார்க்க ஆசை. தண்டவாளத்தில் கரி பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். பாட்டி தோசையையே பீட்சா போலச் சுட்டுத் தருகிறார். காசு சேர்ந்து கடைக்குப் போனால் வாசலிலேயே அடித்துத் துரத்துகிறார்கள். கையில் காசு இருந்தும் நுழைய முடியவில்லை. உடுப்பைப் பார்த்து ஆளை எடைபோடுகிறார்கள்.

படம் முழுக்கச் சிரிக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் சிரித்து முடித்த பிறகு, நம் கோயிலின் முன்வரிசையில் யார் உட்காருகிறார்கள், யார் எப்போதும் வெளியே மரத்தடியில் நின்றே திருப்பலி காண்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் பிள்ளைகளிடமிருந்தே வரும்.

8. எ ஹிடன் லைஃப் (அமெரிக்கா, ஜெர்மனி, 2019)

டெரன்ஸ் மாலிக் இயக்கியது. ஆஸ்திரியாவின் சிற்றூர் விவசாயி பிரான்ஸ் யாகர்ஸ்டாட்டர். மனைவி பிரான்சிஸ்கா, மூன்று பெண் குழந்தைகள். ஹிட்லருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்துப் போரிட மனச்சான்று இடம் தரவில்லை. ஊரார் தூற்றுகிறார்கள். கோயிலைச் சேர்ந்தவர்கள்கூடக் குடும்பத்தை நினைத்துப் பார் என்றே சொல்கிறார்கள். அவர் மறுத்து, 1943 ஆகஸ்டு 9 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 36. அவரால் போர் ஒருநாள்கூட முன்னதாக முடியவில்லை. பலகாலம் ஊரிலேயே அவரைப் பேசுவார் இல்லை. 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, 94 வயதான பிரான்சிஸ்காவும் அங்கே இருந்தார். நூறு வயது நிறைந்து 2013இல் அவர் இறந்தார்.

படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். மெதுவாகவே நகரும். இரண்டு மாலைகளாகப் பிரித்துப் பார்த்தாலும் தவறில்லை. கணவன் சிறையில் இருக்க, மனைவி தனியாக ஏர் உழும் காட்சிகளைக் கவனியுங்கள். பீடத்தில் வைத்து வணங்கப்படும் ஒருவரின் பின்னால் அவருடைய பாரத்தைச் சுமந்த ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

எப்படிப் பார்ப்பது?

பிறமொழிப் படங்களுக்கு எழுத்துரை தேவைப்படும். வாசிக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளை ஒருவர் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே வரலாம். அதுவே தாத்தா பாட்டியோடு நெருங்க ஒரு வாய்ப்பு. செல்போன்களை ஒரு தட்டில் போட்டு வேறு அறையில் வைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் முணுமுணுப்பார்கள். பொறுங்கள், பதினோராவது நிமிடத்தில் புரூனோ அவர்களைப் பிடித்துக்கொள்வான். படம் முடிந்ததும் உடனே விளக்கம் சொல்ல வேண்டாம். "யாரை உனக்குப் பிடித்தது? யார் மேல் கோபம் வந்தது?" என்று இரண்டு கேள்விகள் போதும். மாதம் ஒன்று என்றாலும் எட்டு மாதத்தில் எட்டு மாலைகள் குடும்பத்திற்குத் திரும்பக் கிடைக்கும்.

விளக்குக் கம்பத்தில் கட்டப்பட்டிருந்த அந்த மனிதரிடம் இன்று நம்மால் மன்னிப்புக் கேட்க முடியாது. ஆனால் கூட்டம் கூடி ஒருவரை அடிக்கும் இடத்தில், முன்வரிசையில் நின்று வேடிக்கை பார்க்காத பிள்ளைகளை நம்மால் வளர்க்க முடியும். புரூனோவைத் தேடித் தந்தையின் கையைப் பற்றச் செய்தது எதுவோ, அது நம் பிள்ளைகளின் உள்ளத்திலும் இருக்கிறது. அதை விழிக்கச் செய்ய ஒரு மறையுரை உதவலாம், ஒரு பாட்டியின் கதை உதவலாம். சில நேரம் ஒரு நல்ல திரைப்படமும் உதவும். வரும் ஞாயிறு மாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து தொடங்குவோமா?